ஒரு பாத்திரம் மணல்

ஐம்பத்து நாலு லீற்றர்.
ஃபோவிங்கலில், இரண்டாம் மாடியில்,
தொங்கு ரயில் ஜன்னல் உயரத்தில் போகும் வீட்டில்
சப்பாத்து அலுமாரிக்கு மேல்
மூன்று கிழமையாக வெறுமனே கிடந்தது தொட்டி,
அடியில் என்ன போடுவது என்று
நாங்கள் முடிவெடுக்காததால்.

மண் வேணும் என்றார் தர்மசீலன்.
மீனின் நிறம் எடுப்பாய்த் தெரியுமாம்.
செடி வேர் பிடிக்குமாம்.
கடைக்கார ஹோல்ட்கம்ப் அம்மா மூன்று பை காட்டினாவாம்:
உப்புக்கல் மாதிரி ஒன்று,
கொத்தமல்லி மாதிரி ஒன்று,
ரவை மாதிரி ஒன்று.
(என் வீட்டுக்காரருக்கு எல்லாமே சமையலறைதான்,
சமைக்கிறது மட்டும் இல்லை.)

நான் பல் வைத்தியரின் கிளினிக்கில்
காலை ஐந்து தொடக்கம் ஒன்பது வரை
நிலம் துடைக்கிறவள்.
ஊத்தை எங்கே போய் ஒளிக்கும் என்று எனக்குத் தெரியும்.
கம்பளத்தின் மயிருக்குள்.
கல்லும் கல்லும் முட்டாத இடத்தில்.
மண் போட்டால்
தின்று மிஞ்சியதும் கழித்ததும்
அதற்குள் இறங்கிப் புளிக்கும்.
வெறும் கண்ணாடி பொய் சொல்லாது.
விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கும்,
குழாய் வைத்து உறிஞ்சினால்
முடிந்தது வேலை.

நான் வென்றேன்.
துடைக்கப்போவது யார் என்று கேட்டேன், அவ்வளவுதான்.

ஆறு பொடிக் கெளுத்திகள் வந்தன,
ஒவ்வொன்றும் ஏலக்காய் அளவில்.
(பாருங்கள், எனக்கும் ஒட்டிவிட்டது.)
முதல் இரண்டு நாளும் பெருமையாக இருந்தது.
இவ்வளவு சுத்தமான தரையில்
இவ்வளவு சின்ன மீசைகள்.

மூன்றாம் நாள், விடிய நாலே கால்.
தேத்தண்ணி ஆறும் வரைக்கும்
விளக்குப் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்,
தெருவெளிச்சம் போதுமாயிருந்தது.
ஒரு மீன் கண்ணாடியை முகர்ந்தது.
மூக்கால் இடித்தது.
வாய் திறந்து இல்லாத ஒன்றை அள்ளி
செவுளால் இல்லாத ஒன்றை வெளியே விட்டது.
நகர்ந்தது. திரும்ப அள்ளியது.
அதற்குக் கீழே, தலைகீழாய்,
இன்னொரு மீன் அதே வாயைத் திறந்தது.

எனக்கு அந்த வேலையைத் தெரியும்.
ஏற்கனவே சுத்தமாய் இருக்கும் நிலத்தை
மணிக்கணக்கு நிரம்புவதற்காக
திரும்பவும் துடைக்கும் நாட்கள் உண்டு.

சனிக்கிழமை நானே கடைக்குப் போனேன்.
மீசை தேயாத மண் வேணும் என்பதற்கு
அவர்களின் பாஷையில் சொல் கிடைக்கவில்லை.
மேல் உதட்டில் விரலைத் தேய்த்துக் காட்டினேன்.
ஹோல்ட்கம்ப் சிரிக்கவில்லை.
ரவை மாதிரியானதை எடுத்துத் தந்தா. இரண்டு கிலோ.

குளியலறையில் குந்தியிருந்து
அரிசி களைவதுபோல் களைந்தேன்.
ஏழு தண்ணி. எட்டாவதிலும் பால் நிறம்.
பதினோராவதில் என் நகம் தெரிந்தது.

தொட்டி முழுக்கப் போடவில்லை.
வட்டிலப்பம் அவிக்கிற கண்ணாடிப் பாத்திரத்தில்
இரண்டு விரல் உயரத்துக்கு நிரப்பி,
முழங்கை நனைய மெல்ல இறக்கி,
வலது மூலையில் வைத்தேன்.

"பாத்திரத்திலயா?"
"பாத்திரத்திலதான். தூக்கிக் கழுவலாம்."
அவர் குனிந்து கன நேரம் பார்த்தார்.
"அப்ப வட்டிலப்பத்துக்கு?"

ஒரு மணித்தியாலம் எதுவும் கிட்ட வரவில்லை.
ரயில் போனது, அதன் வெளிச்சம்
தண்ணீரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்
வழித்துக்கொண்டு போனது.
பிறகு ஒன்று விளிம்பில் ஏறி
மீசையை மணலுக்குள் விட்டு
செவுளால் ஒரு சிட்டிகை தூவியது.
கொஞ்சம் கழித்து மூன்று.
நான் பருப்பை இறக்கிவிட்டு வந்தபோது ஐந்து.

ஆறாவது இன்னமும் வெளியே,
வழுவழுத்த கண்ணாடியில்,
தன்னைப்போல ஒன்றோடு
வாய்க்கு வாய் வைத்து நிற்கிறது.
நாளைக்கு எனக்கு வேலை இல்லை.
இருந்து பார்க்கலாம்.